வொரண்ட் இருக்கிறது, ஆசனம் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாக வாசியுங்கள். ஊரில் அரச உத்தியோகம் பார்க்கும் வீடுகளுக்கு, விசேடமாக ஆசிரியர் குடும்பங்களுக்கு, இது தெரிந்த கதைதான். எல்லோரும் வீட்டுக்குள் கதைக்கிறோம், ஸ்டாஃப் ரூமில் கதைக்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். இந்த முறை எழுதி வைப்போம் என்று வீட்டில் இருவரும் முடிவெடுத்தோம். எங்கள் பக்கத்துப் பிழை ஒன்றும் இதில் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அரச ஊழியருக்கு வருடத்துக்கு மூன்று முறை புகையிரத ஆணைச்சீட்டு கிடைக்கும். நாம் சொல்வது வொரண்ட். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போய்வரலாம். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். எங்கள் வொரண்டில் இரண்டாம் வகுப்பு என்று போட்டிருக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய சலுகை. "உங்களுக்கென்ன டீச்சர், கோச்சியில ஃப்ரீயா போய் வாறீங்க" என்று சொல்லாத ஆள் இல்லை.

உண்மையில் எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும். கடந்த ஐந்து வருடத்தில் எங்களுக்கு உரித்தான வொரண்டுகளில் பாதியைக்கூட நாங்கள் பாவிக்கவில்லை. சில தடவை எடுக்கவே இல்லை. சில தடவை எடுத்து, ஆசனம் கிடைக்காமல், காசு கொடுத்து பஸ்ஸில் போனோம். வருடம் முடிய அந்தத் தாள் வெறும் தாள்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் நடந்ததைச் சொல்கிறோம்.

உம்மாவின் ராத்தா தெஹிவளையில் இருக்கிறா. இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. போனில் கதைத்தாலும், "ஒருக்கா நேரில பார்க்கோணும்" என்று உம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. பிள்ளைகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் கடலோரக் கோச்சியும் பார்க்க ஆசை. மூத்த மகள் தரம் 8, மகன் தரம் 4, சின்னவளுக்கு இரண்டு வயது. சின்னவளை மடியில் வைத்துக்கொள்ளலாம். உம்மாவோடு சேர்த்து எங்களுக்குத் தேவை ஐந்து ஆசனம். ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். கேட்டது அவ்வளவுதான்.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கோச்சி ஏறுவதற்கே முதலில் பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து கோட்டை வரை சுமார் 350 கிலோமீற்றர். மாஹோவில் வடக்குப் பாதையோடு சேர்ந்து, பொல்காவலையில் பிரதான பாதையைப் பிடித்து, எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம். கல் ஓயாப் பக்கம் யானைகளுக்காக மெதுவாகப் போக வேண்டும். போகத்தான் வேண்டும். 2025 பெப்ரவரியில் ஒரே மோதலில் ஆறு யானைகள் செத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆகவே நேரம் போவதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் ஒன்பது மணித்தியாலம் என்பது, முழங்கால் வருத்தமுள்ள ஒரு வயதாளிக்கு, இருந்து போவதற்கே கஷ்டமான தூரம். நின்று போகும் தூரம் அல்ல.

ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கிறது. அந்த நாளை கலண்டரில் வட்டம் போட்டு வைத்தோம். உம்மாவுக்குக் காசு கொடுத்து எடுக்கும் டிக்கட். அதை அன்று காலையில் போனிலேயே பதிந்தாயிற்று. ஐந்து நிமிட வேலை. ஜன்னலோர சீட்.

எங்கள் நான்கு பேருக்கும் வொரண்ட். வொரண்டுக்குப் போனில் பதிய வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. தாளைக் கொண்டுபோய் கவுண்டரில் கொடுக்க வேண்டும் என்றார்கள். கவுண்டர் திறக்கும் நேரம் நாங்கள் முதலாம் பாடவேளையில் நிற்கிறோம். ஆசிரியருக்கு வேலை நாளில் காலையில் கவுண்டருக்குப் போவது என்றால் ஷோர்ட் லீவ் எடுக்க வேண்டும், வகுப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். போதாததற்கு வொரண்டும் இன்னும் கைக்கு வரவில்லை. விண்ணப்பம் கொடுத்து, கையொப்பம் விழுந்து, முத்திரை விழுந்து வர எட்டு நாள் சென்றது. எட்டாம் நாள் ஷோர்ட் லீவ் எடுத்து, பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றோம்.

எந்த கவுண்டர் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவரில் ஒரு பிழையும் இல்லை. நல்ல மனிதர். கொம்பியூட்டரை எங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். "சேர், இந்தப் பெட்டியில ரெண்டு, மற்றப் பெட்டியில ரெண்டு. பெரியவ இருக்கிற பெட்டியில ஒண்டும் இல்ல. திரும்பி வாறதுக்கு ஒண்டுமே இல்ல. நான் என்ன செய்யிற, சொல்லுங்க" என்றார். வந்த வரைக்கும் போதும் என்று நான்கையும் எடுத்தோம். போகும்போது உம்மா ஒரு பெட்டியில், நாங்கள் இரண்டிரண்டு பேராக வேறு இரண்டு பெட்டிகளில். சின்னவளுக்குப் பால் கொடுக்க ஒதுக்கமான இடம் இல்லை. இரண்டு பக்கமும் தெரியாத ஆண்கள். மகன் பெட்டிக்குப் பெட்டி தூது போய்க்கொண்டிருந்தான். "மூத்தம்மா தண்ணி கேட்டா", "மூத்தம்மா ஹபரணை வந்திட்டா எண்டு கேட்டா". அவனுக்கு அது விளையாட்டு. ஓடுகிற கோச்சியில் பெட்டி தாண்டும் ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு நெஞ்சு பதறியது.

அல்ஹம்துலில்லாஹ், போய்ச் சேர்ந்தோம். இரண்டு சகோதரிகளும் ஆளை ஆள் பிடித்து அழுததையும் சிரித்ததையும் பார்த்தபோது, பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

வரும்போதுதான் கஷ்டம். பெருநாள் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நாள். பின்னேரக் கோச்சி. மூன்றாம் வகுப்பில் ஏறினோம். இரண்டாம் வகுப்பு என்று எழுதிய வொரண்டோடு, மூன்றாம் வகுப்புக் கதவுப் பக்கம் பையை வைத்து, அதற்கு மேல் பிள்ளைகளை இருத்தினோம். உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. குருநாகல் தாண்டும் வரை நின்றா. பிறகு ஒரு சிங்களப் பொடியன், லீவில் வீட்டுக்குப் போகும் இராணுவத் தம்பி போல, எழும்பி "அம்மே, வாடி வென்ன" என்று இடம் கொடுத்தான். அந்தப் பிள்ளை இறங்கும் வரை நின்றே வந்தது. உம்மா இன்றும் தொழுதுவிட்டு அந்தப் பிள்ளைக்கு துஆ கேட்கிறா.

ஊர் வந்த பிறகு ஒரு கிழமை உம்மாவால் ஒழுங்காக நடக்க முடியவில்லை. "இனி நான் போக மாட்டன். ராத்தாவ பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டா. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தச் சொல்தான். எங்களிடம் இன்னொரு வொரண்ட் மிச்சம் இருக்கிறது. உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் எத்தனை பெருநாள் மிச்சம் இருக்கிறதோ, அல்லாஹ் அறிவான்.

இனி எங்கள் பிழை.

மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் ஆசனம் கிடைக்கவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு ஆளைப் பிடித்தோம். அவரிடம் எந்த நாளுக்கும் சீட் இருந்தது! விலையை விட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தோம். வொரண்ட் அலுமாரியில் கிடக்க, கறுப்பு டிக்கட்டில் போனோம். டிக்கட்டில் இருந்தது வேறு யாரோ ஒருவரின் அடையாள அட்டை இலக்கம். "ஆராவது கேட்டா மச்சான்ட பேரில எடுத்தது எண்டு சொல்லுங்க" என்று அந்த ஆள் சொல்லித் தந்தார். கோச்சி ஏறிய பிறகு அதை நாங்கள் இருவரும் மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் இருந்த மகள் அப்போது தரம் 5. "எங்களுக்கு எந்த மச்சான் வாப்பா?" என்று கேட்டாள்.

டிக்கட் பார்ப்பவர் வந்தார், பார்த்தார், போனார். ஒன்றும் கேட்கவில்லை. பொய் சொல்லும் தேவை வரவில்லை. ஆனால் மகள் கேட்ட கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை வகுப்பில் "வாய்மை" பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது வெட்கமாக இருந்தது. இதை எங்கள் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

ஏனென்றால் இதில் விளங்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் இணைய ஆசன டிக்கட் மோசடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. எல்ல போகும் டிக்கட்டுகள் 42 செக்கனில் முடிந்துவிடுகின்றன என்று செய்தி வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது, கைதுகளும் நடந்தன. நாமும் ஃபேஸ்புக்கில் கள்ளன்களைத் திட்டினோம். ஆனால் அந்த டிக்கட்டை வாங்கியது யார்? வெளிநாட்டுக்காரர் மட்டுமா? எங்களைப் போல வொரண்டை அலுமாரியில் வைத்துவிட்டு, "பிள்ளை குட்டியோட போகோணுமே, வேற வழி?" என்று சொல்லிக்கொண்டு வாங்கியவர்களும்தான். நாம் வாங்கிய ஒவ்வொரு கறுப்பு டிக்கட்டும், வரிசையில் நின்ற இன்னொரு குடும்பத்தின் ஆசனம். அந்தக் குடும்பத்திலும் ஒரு உம்மா நின்றுகொண்டு போயிருப்பா.

ஒரு உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை நேர்வழியில் பாவிக்க முடியாதபடி வைத்திருந்தால், நேர்மையாக இருக்க விரும்புகிறவனும் ஒருநாள் வழுக்கி விழுவான். நாங்கள் விழுந்தோம். ஆகவே சட்டத்தை இறுக்குவது மட்டும் போதாது, நேர்வழியையும் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறோம். இதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

"ஓசியில போறவங்களுக்கு சீட்டும் வேணுமாக்கும்" என்று சிலர் கொமண்ட் போடக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. காசு கொடுத்துப் போகிறவரின் ஆசனத்தைப் பறித்து எங்களுக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. புகையிரத சேவை நட்டத்தில் ஓடுகிறது, பெட்டிகள் போதாது என்பதும் தெரியும். ஆனால் வொரண்ட் ஸதகா அல்ல. சம்பளம், லீவு, ஓய்வூதியம் போல அதுவும் உத்தியோகத்தோடு வந்த ஒரு ஏற்பாடு. ஆஸ்பத்திரித் தாதிக்கும், பொலிஸ்காரருக்கும், கச்சேரிக் கிளார்க்குக்கும் இதே வொரண்ட்தான், இதே பாடுதான். சிங்கள ஆசிரியர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இது எங்கள் சமூகத்துக்கு மட்டும் நடக்கும் அநியாயம் என்று தயவுசெய்து யாரும் திருப்பிவிட வேண்டாம்.

ஆனால் எங்களுக்கென்று ஒரு மேலதிகச் சிக்கல் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட லீவு நோன்பு மாதத்தில் வருகிறது. மற்ற ஆசிரியர்கள் லீவில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவார்கள். நாம் நோன்போடு, ஸஹர், இப்தார், தராவீஹ் என்று இருக்கும் மாதத்தில் குடும்பப் பயணம் போவதில்லை. போகவும் விருப்பமில்லை. ஆகவே எங்கள் பயணமெல்லாம் இரண்டு பெருநாளுக்கும் டிசம்பருக்கும் வந்து குவிகிறது. முழு ஊரும் அதே நாளில் அதே கோச்சியைத் தேடுகிறது. மூன்று வொரண்ட் இருந்தாலும் அதைப் பாவிக்கும் நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இதைப் பொறுப்பானவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்குத் தோன்றும் நான்கு விடயங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை.

1. வொரண்ட் இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்து, போனிலோ இணையத்திலோ ஆசனத்தைப் பிடித்து வைக்கும் வசதி வேண்டும். தாளைக் குறித்த சில நாட்களுக்குள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்காவிட்டால் ஆசனம் தானாக விடுபடட்டும்.

2. தூரப் பயணக் கோச்சிகளில் வொரண்டில் போகும் குடும்பங்களுக்கு ஒரு சிறிய பங்கை ஒதுக்கலாம். பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பு வரை யாரும் எடுக்காவிட்டால் அதைப் பொதுவில் விற்கட்டும். யாருக்கும் நட்டமில்லை.

3. ஒரே வொரண்டில் உள்ள குடும்பத்தை ஒரே பெட்டியில் இருத்த வேண்டும். அவர்களோடு காசு கொடுத்து வரும் வயதான தாய் தகப்பனையும் அதே பதிவில் சேர்க்க வழி வேண்டும். உம்மாவுக்கு ஒரு பெட்டி, பிள்ளைக்கு ஒரு பெட்டி என்றால் அது குடும்பப் பயணம் இல்லை.

4. வொரண்ட் கைக்கு வருவதற்கு எட்டு நாள், பத்து நாள் என்று போகக்கூடாது. பதிவு திறப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இதில் நாங்களும் பிந்தித்தான் விண்ணப்பிக்கிறோம், ஒத்துக்கொள்கிறோம். தவணை தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை.

முதலாவது, வொரண்டை இரவல் கொடுக்கும் பழக்கம். "உங்கட வொரண்ட் சும்மாதானே கிடக்கு, எங்கட மகன் கொழும்புக்குப் போறான், தாங்களேன்." இப்படிக் கேட்காத அயலவர் இல்லை, கொடுக்காத உத்தியோகத்தரும் குறைவு. மறுத்தால் "பெரிய சட்டம் கதைக்கிறாங்க" என்று மனஸ்தாபம். எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு முறை மறுத்து, ஒரு வருடம் ஒரு வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. என்றாலும் அது அமானிதம். இன்னொருவர் பெயரில் போவதும் பொய், போகவிடுவதும் பொய். மாட்டுப்பட்டால் போவது அந்த உத்தியோகத்தரின் தொழில். தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டு இல்லையென்றால் கோபிக்காதீர்கள்.

இரண்டாவது, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாளுக்கு, இரண்டு கோச்சிக்கு ஆசனம் பதிந்து வைப்பது. பிறகு ஒன்றில் போவது, மற்றதை இரத்துச் செய்யாமல் விடுவது. பெருநாள் காலத்தில் பதிவுப் பெட்டியில் வெறும் சீட்டும், பக்கத்துப் பெட்டியில் நிற்க இடமில்லாத சனமும் நாங்கள் கண்ணால் கண்டது. போகவில்லை என்றால் இரத்துச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. யாரோ ஒரு வயதாளிக்கு ஒரு சீட்.

மூன்றாவது, கறுப்பு டிக்கட். இப்போது ஆசனப் பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள், கோச்சியிலும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி நிற்க வேண்டிவரும். அதை விடுவோம். யாரும் பார்க்காவிட்டாலும் அது இன்னொருவரின் இடம். நாங்கள் ஒரு தடவை செய்தோம், இனி இல்லை, இன்ஷா அல்லாஹ்.

பட்டு அறிந்த சில வழிகளையும் சொல்கிறோம். யாருக்காவது உதவும்.

போகும் ஆசனத்தை விட வரும் ஆசனத்துக்குத்தான் கஷ்டம். ஆகவே பயண நாளைத் தீர்மானிக்க முன் வரும் ஆசனத்தைப் பாருங்கள். அது கிடைக்கும் நாளுக்கு ஏற்ப போகும் நாளை வையுங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்துதான் மாட்டினோம்.

வெள்ளியும் ஞாயிறும் வேண்டாம். பெருநாள் லீவில்கூட நடுக் கிழமையில் ஒரு நாளைப் பிடித்தால் சனம் குறைவு.

பதிவு கிடைக்காவிட்டால், கோச்சி தொடங்கும் ஸ்டேஷனில் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கள். மட்டக்களப்பில் ஏறுபவர்களுக்கு இந்த வாய்ப்பு இருக்கிறது. ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ ஏறுவதை விட, கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தொடக்கத்தில் ஏறுவது நல்லது. கோட்டையிலும் அப்படித்தான். நாங்கள் அன்று கடைசி நேரத்தில் போனதும் ஒரு பிழை.

வயதானவர்களோடு போவதென்றால், ஆசனம் உறுதியில்லாமல் புறப்படாதீர்கள். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவோடு இதை விடப் போவதில்லை. மேலே எழுதிய நான்கு விடயங்களையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதியிருக்கிறோம். ஆசிரியர் சங்கங்களுக்கும், போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கும், நமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப இருக்கிறோம். தமிழில் இருக்கிறது. எங்களோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவர் சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் கையொப்பமிடுகிறார். வொரண்ட் பெறும் எந்த உத்தியோகத்தரும் கையொப்பமிடலாம். பாடசாலை விட்ட பிறகு வீட்டுக்கு வாருங்கள், அல்லது இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

உங்களுக்கு நடந்ததைக் கீழே எழுதுங்கள். எந்த நாள், எந்தப் பயணம், எத்தனை பேர், எத்தனை ஆசனம் கிடைத்தது என்று எழுதினால் கடிதத்துக்குப் பிரயோசனமாக இருக்கும். கவுண்டரில் இருப்பவர்களையும் டிக்கட் பார்ப்பவர்களையும் திட்டி எழுத வேண்டாம். அப்படி வரும் கொமண்டுகளை அழித்துவிடுவோம். அவர்களும் பெருநாளன்று வேலைக்கு வந்தவர்கள்.

டிசம்பர் லீவுக்கு உம்மாவை இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கப் போகிறோம். இந்த முறை முதலில் வரும் ஆசனம். ஐந்தும் ஒரே பெட்டியில் கிடைத்தால் போவோம். கிடைக்காவிட்டால் ராத்தாவை இங்கே கூட்டிவர வழி பார்ப்போம். வொரண்ட் திரும்பவும் அலுமாரிக்குள் போகாமல் இருக்க துஆச் செய்யுங்கள்.

மகளிடமும் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொல்ல இருக்கிறோம். இதை வாசித்துவிட்டு அவளே வந்து கேட்பாள்.

வஸ்ஸலாம்.